வில் செய்ய எந்த மரம் பெஸ்ட்? பெயரைக் கேட்காதீங்க, நாரைப் பாருங்க!

ரெண்டு மூணு வாரம் செதுக்கி, இழைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு செய்த வில். நாணை முழுசா இழுக்கிற அந்த நொடியில 'டமார்'னு ரெண்டாகுது. உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா உங்க முகமும் கண்ணும் அதுக்கு ஒரு கை தூரத்துலதான் இருக்கும். இப்படி உடையுற பல வில்களோட தலையெழுத்து, மரத்தை வாங்கின அன்னிக்கே எழுதப்பட்டிருக்கும்.

யூடியூப்ல வில் செய்யுற வீடியோ பார்த்துட்டு, 'நாமளும் ஒண்ணு செஞ்சா என்ன?'னு கிளம்புறவங்க முதல்ல கேட்கிறது, 'எந்த மரம் நல்லது?'ங்கிற கேள்விதான். யூ, ஓசேஜ் ஆரஞ்சு, ஹிக்கரினு வெளிநாட்டுப் பெயர்களா பதில் வரும். அதெல்லாம் நம்ம ஊர் மரக்கடையில கிடைக்குமான்னு தேடி அலைஞ்சு, கடைசியில ஆசையே போயிடும். உண்மையில மரத்தோட பெயர் ரெண்டாவது விஷயம். முதல் விஷயம், நீங்க கையில எடுக்கிற அந்த ஒரு கட்டையில நார் எப்படி ஓடுதுங்கிறது. சாதாரண மரத்துல நேரா நார் ஓடுற கட்டை, புகழ்பெற்ற மரத்துல நார் கோணலா ஓடுற கட்டையைவிட நல்ல வில்லைக் கொடுக்கும்.

குனியுற மனுஷன் மாதிரிதான் வில்லும்!

ஏன் நார் இவ்வளவு முக்கியம்? குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடுற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. அவர் முதுகு விரியும், வயிறு மடங்கும். வில்லும் அப்படித்தான். இலக்கைப் பார்த்து இருக்கிற வெளிப்பக்கத்தை 'முதுகு'ன்னும், உங்களைப் பார்த்து இருக்கிற உள்பக்கத்தை 'வயிறு'ன்னும் சொல்வாங்க. நாணை இழுக்கும்போது முதுகுல இருக்கிற நார்கள் இழுபடும், வயித்துல இருக்கிற நார்கள் நசுங்கும்.

மரம் தோற்பதும் இந்த ரெண்டு இடத்துலதான். முதுகுல நார் அறுந்தா, சிம்பு எழும்பி வில் முறிஞ்சுடும். வயிறு நசுங்கினா உடனே உடையாது. குறுக்குவாட்டில் மெல்லிசா கோடு கோடா சுருக்கம் விழும். இல்லேன்னா, நாணைக் கழட்டின பிறகும் வில் நிமிராம வளைஞ்சபடியே நிற்கும். அம்பு போற வேகம் குறைஞ்சுடும். முதல் தோல்வி ஆபத்து, ரெண்டாவது ஏமாற்றம்.

இதனாலதான் 'பலமான மரம்'னு பொதுவா சொல்றது இங்க உதவாது. புளியங்கொம்பைப் பிடிச்ச மாதிரின்னு நாம சொல்றது, கனத்தைத் தாங்கும் என்பதற்காக. கதவு நிலைக்குத் தேக்கைத் தேடுறது, மழை வெயிலுக்கு அசையாது, கரையான் சீக்கிரம் அண்டாது என்பதற்காக. வில்லுக்கு வேண்டியது வேற குணம். நிறைய வளையணும். வளைஞ்ச பிறகு, பழைய இடத்துக்கே சட்டுனு திரும்பி வரணும். தேக்குக்குக் கொடுக்கிற விலை இந்தக் குணத்துக்கான விலை இல்லை. அதனால அதிக விலை கொடுத்தா நல்ல வில் கிடைக்கும்னு நினைச்சுடாதீங்க.

மரக்கடையில என்ன பார்க்கணும்?

பூ கட்டுற வாழைநாரை நீளவாக்கில் இழுத்தா எவ்வளவு தாங்கும், குறுக்கே கிழிச்சா எவ்வளவு சுலபமா கிழியும்? மரமும் அதே மாதிரி நார்க்கட்டுதான். வில்லோட ஒரு முனையில ஆரம்பிக்கிற நார், அறுபடாம மறுமுனை வரைக்கும் போகணும். நடுவுல பக்கவாட்டில் வெளியே ஓடிட்டா, அந்த இடத்துல ஒண்ணையொண்ணு பிடிச்சுக்க நார் இல்லை, மரத்தோட பசை மட்டும்தான் இருக்கு. வில் விரியப்போற இடம் அதுதான்.

பலகையை வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட, "அண்ணே, ரேகை நேரா ஓடுற பலகையா பார்த்துக் கொடுங்க"ன்னு கேளுங்க. பல கடைகள்ல, "எல்லாம் நல்ல மரம்தான் தம்பி"ன்னு பதில் வரும். நீங்களே பார்த்துடுறது நல்லது. முதல்ல பலகையோட அகலமான முகத்துல ரேகையைப் பாருங்க. ஒரு கோட்டுல விரலை வெச்சு, முனை வரைக்கும் போய்ப் பாருங்க. ஆறு அடிப் பலகையில அந்தக் கோடு ரெண்டு அடியிலேயே ஓரத்துக்கு வந்து மறைஞ்சா, அந்தப் பலகை மேஜைக்கு ஆகும், வில்லுக்கு ஆகாது. அடுத்து பக்கவாட்டு முகத்தையும் இதே மாதிரி பாருங்க. நிறைய பேர் விடுற இடம் இது. மேல் முகத்துல நேரா தெரியுற பலகை, பக்கவாட்டில் பார்த்தா சரிஞ்சு ஓடும். ரெண்டு முகத்திலும் முனைக்கு முனை கோடு ஓடுதா? எடுத்து ஓரமா வைங்க.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கு. வளர்ச்சி வளையத்தால வர்ற ரேகை ஒரு திசையிலயும், நார் வேற திசையிலயும் ஓடலாம். முறுக்கிக்கொண்டே வளர்ந்த மரத்துல இப்படி நடக்கும். கண்டுபிடிக்க பழைய வழி ஒண்ணு இருக்கு. இழைச்ச வழவழப்பான இடத்துல ஃபவுன்டன் பேனா மையை ஒரு சொட்டு விடுங்க. மை நார் போற பக்கமாதான் நீளமா பரவும். ரேகை ஒரு பக்கமும் மை வேற பக்கமும் போனா, பேசாம பலகையை திருப்பி வெச்சிடுங்க.

வாள் நாரைப் பார்த்து அறுக்காது, நேர்க்கோட்டில் அறுத்துட்டுப் போயிடும். ஆப்பு வெச்சுப் பிளந்தா, கட்டை தன் நார் வழியாகவே பிளக்கும். அனுபவமுள்ள வில் செய்பவர்கள் பலகையைவிட பிளந்த கட்டையை விரும்புறதுக்குக் காரணம் இதுதான். தோப்புல யாராவது மரம் வெட்டுறாங்கன்னா, ஆறு அடி நீளத்துக்கு முடிச்சில்லாத ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஆப்பு வெச்சுப் பிளந்து பாருங்க. பிளவு நேரா ஓடினா அதிர்ஷ்டம். பாம்பு மாதிரி முறுக்கிட்டுப் போனா விறகு.

வேம்பு, புளி போன்ற நம்ம ஊர் மரங்கள்ல இன்னொரு தொல்லை, பின்னிக்கிட்ட நார். ஒரு அடுக்கு இடப்பக்கம் சாய்ஞ்சா, அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாயும். பிளக்கும்போது ஆப்பு சிக்கிக்கும், இழைக்கும்போது இழைப்புளி பிய்ச்சுக்கிட்டு வரும். உலக்கை, உரல் மாதிரி அடி தாங்குற சாமான்களுக்கு அது நல்லது. முதுகுல நார் அறுபடாம ஓடணும்னு கேட்கிற வில்லுக்கு அது எதிரி.

முடிச்சு? முதல் வில்லுன்னா முடிச்சே இல்லாத கட்டையா எடுங்க. முடிச்சைச் சுத்தி நார் வளைஞ்சு போறதால அங்க கூடுதல் மரம் விட்டு செதுக்கத் தெரியணும். அது அடுத்த பாடம்.

பலகையை முடிவு பண்ணிட்டா, கடைக்காரர்கிட்டயே அதுல இருந்து ஒரு மெல்லிய குச்சி அறுத்துத் தரச் சொல்லுங்க. சுண்டுவிரல் கனம், ஒரு அடி நீளம் போதும். ரெண்டு கையாலயும் பிடிச்சு உடைஞ்சுபோற வரைக்கும் வளைங்க. நீள நீளமா சிம்பு எழும்பி, முழுசா பிரியாம தொங்கினா சந்தோஷப்படுங்க. முருங்கைக் கிளை மாதிரி சின்ன முறிவா 'டக்'குனு துண்டானா, அந்த மரம் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

ஒரு மரத்துக்காக ஐரோப்பாவே அலைஞ்ச கதை

வில் மரம்னாலே எல்லாரும் யூ மரத்தைச் சொல்றதுக்கு வரலாறு இருக்கு. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில கண்டெடுக்கப்பட்ட, 5,000 வருஷத்துக்கும் மேல் பழைமையான 'ஏட்ஸி' என்ற மனிதரின் உடலோடு ஒரு வில் இருந்தது. யூ மரம், 1.82 மீட்டர் நீளம். ஆள் உயரமே சுமார் 1.6 மீட்டர்தான்! அந்த வில்லை அவர் செய்து முடிக்கலை, செதுக்கின வெட்டுத்தடம் அப்படியே இருந்தது. 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற இங்கிலாந்து போர்க்கப்பலை 1982-ல் வெளியே எடுத்தாங்க. அந்தக் கப்பல்ல இருந்து 130-க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைச்சது. அதுவும் யூ மரம்தான்.

யூ மரத்தோட ரகசியம், அதுல ரெண்டு மரம் சேர்ந்திருக்கிறதுதான். வெளியே இருக்கிற வெள்ளை மரம் இழுபடுறதைத் தாங்கும். உள்ளே இருக்கிற செம்பழுப்பு வைரம் நசுங்குறதைத் தாங்கும். வெள்ளை முதுகா, வைரம் வயிறா வர்ற மாதிரி வெட்டினா, இயற்கையே ரெண்டு அடுக்கு ஒட்டிக் கொடுத்த மாதிரி. அதிலும் குளிர்ந்த மலைகள்ல மெதுவா வளர்ந்து, வளையம் நெருக்கமா இருக்கிற மரத்துக்குத்தான் மவுசு. இங்கேயும் பெயர் மட்டும் போதலை, பாருங்க.

இந்த மவுசுக்கு விலை கொடுத்தது காடுகள். இங்கிலாந்துக்குள்ள நல்ல யூ போதாததால, 1472-ல் நான்காம் எட்வர்ட் காலத்துல ஒரு சட்டம் போட்டாங்க. துறைமுகத்துக்கு வர்ற வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் 4 வில் கட்டை கொண்டு வரணும். மெதுவா வளர்ற மரத்தை இப்படி வேகமா வெட்டினா என்ன ஆகும்? அடுத்த நூற்றாண்டு முடியுறதுக்குள்ள பவேரியா, ஆஸ்திரியா பக்கம் வெட்டறதுக்குத் தரமான யூ கிடைக்கிறதே கஷ்டமாயிடுச்சு. நம்ம இமயமலையிலயும் யூ இனம் ஒண்ணு இருக்கு. புற்றுநோய் மருந்துக்காக அதையும் ஏகத்துக்கும் வெட்டி, இன்னிக்கு அது அழிவின் விளிம்புல இருக்கிற மரங்கள் பட்டியல்ல நிற்குது. அதனால 'இமாலயன் யூ கிடைக்குமா?'ன்னு யாரும் தேடிக் கிளம்பாதீங்க.

இதுக்கு மாற்றா ஒரு நல்ல செய்தியும் ஐரோப்பாவிலேயே இருக்கு. டென்மார்க்குல ஹோல்மகார்ட் என்ற இடத்துச் சதுப்பு நிலத்துல 1944-ல் சில வில்கள் கிடைச்சது. வயசு சுமார் 9,000 வருஷம். அது யூ இல்லை, எல்ம். யூவை நம்பி உட்காராம, கிடைச்ச எல்ம் மரத்துல அந்த வேட்டைக்காரங்க வில்லோட உடம்பை அகலமா, தட்டையா செதுக்கினாங்க. இங்கிலாந்து யூ வில் ஒடுக்கமா, உருண்டு இருக்கும். எல்ம் வில் பட்டையா இருக்கும். மரத்துக்குத் தகுந்த உருவம், அவ்வளவுதான் சூத்திரம்!

இதுக்குப் பின்னாடி எளிமையான கணக்கு ஒண்ணு இருக்கு. வில்லோட அகலத்தை ரெண்டு மடங்காக்கினா விறைப்பு ரெண்டு மடங்காகும். கனத்தை ரெண்டு மடங்காக்கினா விறைப்பு எட்டு மடங்காகும்! ஆனா கனம் கூடக் கூட, வளையும்போது முதுகும் வயிறும் படுற பாடும் கூடும். அதனால லேசான மரம்னா கனத்தைக் குறைச்சு, அகலத்தைக் கூட்டணும். அமெரிக்காவோட ஓசேஜ் ஆரஞ்சு மாதிரி அடர்த்தியான மரம்னா ஒன்றரை அங்குல அகலமே போதும். ஆஷ், எல்ம் ரகங்களுக்கு ரெண்டு அங்குலம் வரைக்கும் விடுவாங்க. ஓசேஜுக்கு பிரெஞ்சுக்காரங்க வெச்ச பெயருக்கே 'வில் மரம்'னுதான் அர்த்தம்.

உங்க கையில இருக்கிற மரம் எந்த ரகம்னு வீட்டிலேயே தெரிஞ்சுக்கலாம். காய்ந்த மரத்துல இருந்து பத்து அங்குல நீளத்துக்கு, முனைக்கு முனை ஒரே கனமா மெல்லிய குச்சி வெட்டி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் பென்சில் கோடு போடுங்க. ஒடுக்கமான, உயரமான குழாயில தண்ணி நிரப்பி, அதுல குச்சியை நிமிர்ந்தபடி மிதக்க விடுங்க. ஆறாவது கோடு வரைக்கும் முங்கினா, அடர்த்தி தண்ணியில 60 சதவிகிதம். எட்டாவது கோடுன்னா கனமான மரம். குச்சி தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி சட்டுனு பார்த்துடுங்க.

சரி, நம்ம கைக்கு என்ன கிடைக்கும்?

என்னைக் கேட்டா, முதல் வில்லுக்கு மூங்கில்தான். கௌரவக் குறைச்சல்னு நினைக்காதீங்க. உலக அரங்கில் ஜெயிச்ச வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி, ராஞ்சியில சின்ன வயசுல பழகினது வீட்டுல செய்த மூங்கில் வில்லுலதான். தேசியப் போட்டிகள்ல 'இந்தியன் ரவுண்ட்' பிரிவுல இன்னிக்கும் மூங்கில் வில்லோட இறங்குறாங்க. ரெண்டு மீட்டருக்கு மேல் நீளமான ஜப்பானிய 'யூமி' வில்லுக்கும் முதுகு, வயிறு ரெண்டும் மூங்கில்தான், நடுவுலதான் வேற மரம்.

மூங்கில் புல் இனம். அதுல வளையமும் கிடையாது, கிளை முடிச்சுத் தொல்லையும் குறைவு. நார்கள் நேரா ஓடும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. வெளித்தோலை நெருங்க நெருங்க நார் அடர்த்தியா இருக்கும், உள்பக்கம் போகப் போக மென்மையாகும். அதனால தோல் பக்கம்தான் எப்பவும் முதுகா வரணும். அழகுக்காக அந்தப் பச்சைத் தோலுக்குக் கீழே ஆழமா சீவிட்டா, பலத்தைச் சீவி குப்பையில போட்டாச்சுன்னு அர்த்தம். கணுக்களையும் வெளிப்பக்கம் தட்டையாக்க வேண்டாம். மேடு மேடா இருந்துட்டுப் போகட்டும்.

நடுவுல ஓட்டை ரொம்பச் சின்னதா, சுவர் தடிமனா இருக்கிற கல் மூங்கில் கிடைச்சா விடாதீங்க. வயசும் முக்கியம். மூங்கில் சில மாசத்துலயே முழு உயரம் வளர்ந்துடும். ஆனா முதிர மூணு வருஷமாவது வேணும். பளபளன்னு பச்சையா, வெள்ளைப் பொடி பூசின மாதிரி இருந்தா இளசு. நிறம் மங்கி, தோலில் திட்டுத்திட்டா பாசி படிஞ்சிருந்தா முதிர்ந்தது. ஏணிக்கும் பந்தலுக்கும் விற்கிற கடையில கேட்டா முதிர்ந்ததாவே எடுத்துத் தருவாங்க. மாவுச்சத்து இருக்கிறதால வண்டு துளைக்கும். பொடி உதிர்ற சின்ன ஓட்டைகள் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2017-ல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, மூங்கிலை 'மரம்' என்ற வரையறையில் இருந்து எடுத்துட்டாங்க. தனியார் நிலத்துல வளர்ந்த மூங்கிலுக்குத்தான் இந்தச் சலுகை. காட்டுக்குள்ள கத்தியோட போய் வெட்டினா அது குற்றம்தான்.

மரப்பலகையிலதான் செய்வேன்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு, இறக்குமதி மரம் விற்கிற பெரிய டிப்போக்கள்ல ஆஷ், மேப்பிள், ஓக் பலகைகளைக் கேட்டுப் பாருங்க. கிரிக்கெட் ஸ்டம்ப் பாரம்பரியமா செய்யுற மரம்தான் ஆஷ். சவுக்கு? கம்பு நேரா, சீப்பா கிடைக்கும். ஆனா காயும்போது வெடிப்பு விடுற குணம் அதுக்கு அதிகம். உங்களுக்குப் பொறுமை இருந்தா முயற்சி பண்ணலாம்.

இன்னொரு வழியும் இருக்கு. அடர்த்தியான மரத்தை வயிறா வெச்சு, முதுகுல மெல்லிய மூங்கில் பட்டையை ஒட்டுறது. இழுபடுறதை மூங்கில் பார்த்துக்கும். ஆனா உள்ளே லேசான மரத்தை வெச்சா, மூங்கிலோட பலத்துக்கு ஈடுகொடுக்க முடியாம வயிறு நசுங்கிடும். ஒட்டுவேலை தெரிஞ்ச பிறகு போக வேண்டிய வழி இது.

முதல் வில்லை 25-ல் இருந்து 35 பவுண்டு இழுவிசைக்குள்ளயே நிறுத்திக்கோங்க. உங்க இழுப்பு 28 அங்குலம்னா, 66 அங்குலத்துக்குக் குறையாத நீளம் வைங்க. நீளமான வில்லுல மரம் படுற பாடு குறைவு. புது வில்லைச் சோதிக்கும்போது கண்ணாடி போடுங்க. அம்பு இல்லாம நாணை இழுத்து விடாதீங்க, அந்த விசை முழுக்க மரத்துக்கே திரும்பும். பறவை, முயல்னு எதையும் குறி வைக்க வேண்டாம். 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதுக்கு இடம் தராது. வைக்கோல் மூட்டை போதும்.

ஈரம்... கண்ணுக்குத் தெரியாத வில்லன்

நல்ல நார், நல்ல மரம், எல்லாம் அமைஞ்ச பிறகும் கெடுக்கிறது ஈரம்தான். ஈரம் அதிகமா இருந்தா வில் வளைஞ்சபடியே நின்னுடும். ரொம்பக் காய்ஞ்சுட்டா முறியும். 8-ல் இருந்து 10 சதவிகித ஈரம்தான் வில் மரத்துக்குச் சுகம். காற்றில் ஈரப்பதம் 50 சதவிகிதமா இருந்தா மரம் தானாவே 9 சதவிகிதத்துக்கு வந்துடும். 75 சதவிகிதம்னா 13, 14 வரைக்கும் போயிடும். சென்னை, தூத்துக்குடி, நாகைனு கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இது நேரடிப் பிரச்னை. வறண்ட இடத்துல பிரமாதமா வேலை செய்யுற ஹிக்கரி, ஈரக் காற்றில் சோர்ந்துபோறதும் இதனாலதான். கடலோரவாசிகள் கட்டையை வெயில் நேரடியா படாத, மொட்டை மாடி ஓட்டுக்குக் கீழ் மாதிரி சூடான, காற்றோட்டமான இடத்துல வைக்கலாம். வில் செய்து முடிச்ச பிறகு வார்னிஷ் கட்டாயம்.

பச்சை மரம் வாங்கினா, அன்னிக்கே ரெண்டா பிளந்து, வெட்டின ரெண்டு முனையிலும் பெயின்ட் அல்லது மெழுகைத் தடவுங்க. முனை வழியா ஈரம் வேகமா போறதாலதான் வெடிப்பு விழுது. ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு பழைய கணக்கு ஒண்ணு சொல்வாங்க. வில்லோட அளவுக்குத் தோராயமா செதுக்கி வெச்சா அதைவிட சீக்கிரம் காயும். அவசரத்துல அடுப்புப் பக்கத்துல மட்டும் சாய்ச்சு வைக்காதீங்க, வெளியே காய்ஞ்சு உள்ளே ஈரமா நின்னு வெடிச்சுடும்.

எப்போ காய்ஞ்சதுன்னு தெரிஞ்சுக்க கருவி வாங்கத் தேவையில்லை. வீட்டுச் சமையலறைத் தராசோ, தெருமுனை மளிகைக் கடைத் தராசோ போதும். வாராவாரம் ஒரே கிழமையில கட்டையை எடை போட்டு, அதன் மேலேயே பென்சில்ல தேதியும் எடையும் எழுதிட்டு வாங்க. முதல் வாரங்கள்ல எடை மளமளன்னு குறையும், அப்புறம் மெதுவாகும். மழை இல்லாத நாள்கள்ல தொடர்ந்து நாலு வாரம் ஒரே எடை வந்துச்சுன்னா, உளியை எடுக்கலாம்.